பருவத்துச் சமையலும் பக்கத்து மன்றமும்: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். உணவியல் என் தொழில். மாலைகளில் ஓர் இறகுப்பந்து மன்றத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சமைத்துச் சாப்பிடுவது, அக்கம்பக்கத்து நடைக் குழுவிலோ விளையாட்டு மன்றத்திலோ சேர்ந்து உடம்பைப் பேணுவது ஆகிய இரண்டைப் பற்றியும் கேளுங்கள். மாத்திரை அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு, முடி உதிர்வு ஆகியவற்றைக் கேட்காதீர்கள். எப்படியும் கேட்பீர்கள் என்று தெரியும்.

கே (புதிதாக நடப்பவர்): வாரத்துக்கு எவ்வளவு நேரம் உடற்பயிற்சி போதும், மேடம்? தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

ப: உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. 10,000 அடி என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அதைவிடக் குறைவாக நடப்பவருக்கும் நல்ல பலன் உண்டு. வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் கூடும் குழுவில் சேர்ந்தால் 120 நிமிடம் வந்துவிடுகிறது. மீதி அரை மணி நேரம் கடைக்கும் வீட்டுக்கும் நடப்பதிலேயே சேர்ந்துவிடும்.

கே (சமையலறைக் கைதி): பருவத்துக் காய்கறியில் அப்படி என்ன விசேஷம், அக்கா? எல்லாக் காய்களும் எல்லா மாதமும் கிடைக்கின்றனவே.

ப: கிடைக்கின்றன. எப்போது பறித்தவை என்பதுதான் கேள்வி. பறித்த நிமிடத்திலிருந்து காய்கறியில் வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. கீரை வகைகளில் மிக வேகமாகக் குறைகிறது. விளைச்சல் மிகுந்த காலத்தில் சரக்கு தேங்காமல் கைமாறுவதால், அப்போது நீங்கள் வாங்குவது அண்மையில் பறித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவையும் கூடுதல், விலையும் குறைவு. இதைத் தாண்டி அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பருவம் தவறிய தக்காளி நஞ்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் பருவத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் வேறு. சந்தை தன் போக்கில் உங்கள் தட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். விட்டால் நாம் ஆண்டு முழுவதும் அதே நான்கு காய்களைச் சமைப்போம். கோடையில் வெள்ளரியும் தர்பூசணியும், குளிர் வந்தால் முட்டைக்கோஸும் கேரட்டும் பீட்ரூட்டும் என்று மாறும்போது ஊட்டச்சத்துகளும் மாறி மாறி வருகின்றன. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உருளைக்கிழங்கு இதில் சேராது.

இதற்கு நூறு செய்முறைகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆவியில் வேகவைப்பது, கொஞ்சம் எண்ணெயில் வதக்குவது, சூப் வைப்பது, பச்சையாக நறுக்கிக் கலப்பது ஆகிய நான்கும் கைவந்தால் எந்தக் காய் வந்தாலும் கவலை இல்லை. வைட்டமின் சியும் ஃபோலேட்டும் நீரில் கரைபவை. காயை மூழ்க வைத்து அவித்து நீரைக் கொட்டினால் அவையும் போய்விடும். குறைந்த நீரில் வேகவையுங்கள், மிஞ்சிய நீரைச் சூப்பில் சேருங்கள். சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் சூடுபட்டு, சிறிது எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேர்கின்றன.

இன்னொன்று. சுரைக்காய், வெள்ளரி, பூசணி, பீர்க்கங்காய் ஆகியவற்றைச் சமைக்கும் முன் நுனியில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள்.

கே (நேரமில்லாதவர்): உறையவைத்த பட்டாணி வாங்கலாமா?

ப: தாராளமாக. பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கியெடுத்து உறையவைக்கிறார்கள். நாட்கணக்கில் கடையில் கிடந்த பச்சைப் பட்டாணியைவிடப் பல நேரங்களில் அதுவே மேல்.

கே (தொப்பை): வயிறு மட்டும் குறைய என்ன பயிற்சி?

ப: அப்படி ஒரு பயிற்சி இல்லை. கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் கரைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

கே (அதிகாலை நடையர்): எங்கள் நடைக் குழுவில் நடை முடிந்ததும் எல்லோரும் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறோம். போன வாரம் ஒரு நாள் லேசாகக் கசந்தது. எலுமிச்சையும் தேனும் சேர்த்துச் சரிசெய்துவிட்டோம். இது நல்லதுதானே, மேடம்?

ப: இதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நீங்கள் சரிசெய்யவில்லை, எச்சரிக்கை மணியின் வாயைப் பொத்தியிருக்கிறீர்கள்.

சுரை, வெள்ளரி, பூசணி குடும்பத்துக் காய்களில் குக்கர்பிடசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. நாம் வாங்கும் வகைகளில் அது பெரும்பாலும் மிகக் குறைவு. ஆனால் எப்போதாவது ஒரு காயில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். வெளித்தோற்றத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நாக்குதான் ஒரே சோதனைச்சாலை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று போகும். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது, மருத்துவமனையில் அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை தருவார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கறியாகச் சமைத்தால் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவோம். சாறாக்கினால் ஒரு முழுக் காய் ஒரே மடக்கில் உள்ளே போகிறது, தேனும் எலுமிச்சையும் கசப்பை மறைத்துவிடுகின்றன. ஆபத்து அங்கேதான்.

பாகற்காய்க்கு இது பொருந்தாது. அது இயல்பாகவே கசப்பது. அதைக் கேட்கப் பத்துப் பேர் காத்திருப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சாற்றில் நார்ச்சத்தும் பெரும்பகுதி போய்விடுகிறது. காயைக் காயாகவே சாப்பிடுங்கள்.

கே (இதய நோயாளி): ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறேன். கீரை சாப்பிடலாமா?

ப: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியது. ஒரு மாதம் கீரையே இல்லை, கீரை மலிந்த மாதத்தில் தினமும் கட்டுக்கட்டாக என்று திடீரென மாறுவதுதான் சிக்கல். நீங்களாக மாத்திரையையோ கீரையையோ நிறுத்த வேண்டாம்.

கே (சேரலாமா வேண்டாமா): உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்வதா, விளையாட்டு மன்றத்தில் சேர்வதா?

ப: இரண்டில் ஒன்றுதான் என்றால் மன்றம். கோபன்ஹேகன் நகர இதய ஆய்வில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட, டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல். இறகுப்பந்துக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, சைக்கிளுக்கு 3.7, நீச்சலுக்கு 3.4, மெல்லோட்டத்துக்கு 3.2. உடற்பயிற்சிக்கூடத்துக்கு 1.5. இன்னொருவரோடு சேர்ந்து ஆடுபவையே மேலே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

கே (இரும்பு தூக்குபவர்): இறகுப்பந்துப் பயிற்சியாளர் இறகுப்பந்தைப் புகழ்கிறார். வியப்பில்லை.

ப: டென்னிஸ்தான் முதலிடம். எனக்கும் அதில் வருத்தமே.

கே (புள்ளியியல் மாணவர்): இது வெறும் கண்காணிப்பு ஆய்வு, மேடம். டென்னிஸ் ஆட வசதி வேண்டும், ஓய்வு வேண்டும். வசதியுள்ளவர்கள் எப்படியும் நீண்ட நாள் வாழ்கிறார்கள். உடல்நலம் கெட்டு, மருத்துவர் சொல்லி உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனவர்களும் அந்த 1.5இல் இருப்பார்களே?

ப: நல்ல கேள்வி. வருமானம், கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் எண்களைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அப்படித் திருத்துவது முழுமையாக இருக்க முடியாது. காரணம் இதுதான் என்று தங்களால் அறுதியிட முடியாது என ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். எனவே ராக்கெட்டை வாங்கினால் 9.7 ஆண்டு பரிசு என்று யாரும் படிக்க வேண்டாம். நான் அந்த எண்களை நம்பி மன்றத்தைச் சொல்லவில்லை. நீங்கள் வராவிட்டால் அங்கே ஒருவருக்கு ஆட்டம் கெடும். அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். டிரெட்மில் கூப்பிடாது.

கே (இரும்பு தூக்குபவர்): எனக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகத் தனியாகவே போகிறேன். மன்றத்தில் பாதி நேரம் அரட்டை.

ப: அரட்டைதான் அவர்களை மறுவாரம் வரவைக்கிறது. நீங்கள் யாரும் தூண்டாமலே போகிறவர், உங்களுக்கு என் அறிவுரை தேவையில்லை. தூண்டினாலும் போகாதவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை என்ற கணக்கை இறகுப்பந்து மட்டும் நிறைவேற்றாது. எடை தூக்குவதோ, தண்டால், உட்கார்ந்தெழுதல் போன்றவையோ வேண்டும். எங்கள் மன்றத்தில் ஆட்டத்துக்கு முன் அதற்கென நேரம் ஒதுக்கியிருக்கிறோம், முணுமுணுப்போடுதான் செய்கிறார்கள்.

கே (முன்னாள் வீரர்): நாற்பது வயதுக்கு மேல் திடீரென ஆடப்போய்க் குதிகால் நாணை அறுத்துக்கொண்டவன் நான். அதையும் சொல்லுங்கள்.

ப: நன்றி, அவசியம் சொல்ல வேண்டியது. கல்லூரி நாட்களில் ஆடினேன் என்று பல ஆண்டு இடைவெளிக்குப் பின் முதல் நாளே பாய்ந்து ஆடுபவர்கள்தான் இப்படி விழுகிறார்கள். முதல் சில வாரம் நடை, கெண்டைக்கால் பயிற்சி, பாதி வேக ஆட்டம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடமாவது உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். மார்பில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் புள்ளிக்கணக்கைப் பார்க்காமல் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கே (புள்ளியியல் மாணவர்): கால்பந்து 4.7, ஆனால் சைக்கிள் 3.7 தனியாள் பயிற்சி. வித்தியாசம் ஓர் ஆண்டுதான். அதை வைத்து கூட்டு விளையாட்டு என்று முடிவு கட்டலாமா?

கே (காத்திருப்பவர்): எங்கள் கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் உண்டா?

ப: உண்டு. மாணவரே, அப்படி முடிவு கட்ட முடியாது. இத்தோடு அந்த ஆய்வை மூடிவைப்போம்.

கே (ஆட்டத்துக்கு முன்): விளையாடும் முன் என்ன சாப்பிடலாம்?

கே (ஆட்டத்துக்குப் பின்): விளையாடிய பின்?

கே (பசி): விளையாடும் முன் என்ன சாப்பிடுவது, அக்கா?

ப: மூவருக்கும் சேர்த்து. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வழக்கமான உணவு. பசித்தால் அரை மணி நேரத்துக்கு முன் ஒரு பழம். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும், வண்ணப் பானங்கள் வேண்டாம். முடிந்த பின் அடுத்த வேளை உணவில் புரதம் இருக்கட்டும்.

மன்றங்களின் பெரிய ஓட்டை ஆட்டம் முடிந்ததும் திறக்கும் சிற்றுண்டி மேசை. ஒரு மணி நேரம் வியர்த்ததை எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமும் கால் மணியில் ஈடுகட்டிவிடுகின்றன. வாரம் ஒருவர் முறைவைத்து, அந்தப் பருவத்துப் பழத்தை நறுக்கியோ பயறு அவித்தோ கொண்டுவந்தால் இது தீரும். உப்பில் கை குறுகட்டும். ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள்தான் இருக்க வேண்டும்.

கே (அறுபத்தெட்டு வயது): எனக்குக் கூச்சம், அம்மா. வேகமாக ஓட முடியாது. எந்த மன்றம் என்னை ஏற்கும்?

ப: சேரும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். புதிதாக வந்தவரிடம் யாராவது பேசுகிறார்களா? பின்தங்கியவருக்காகக் காத்திருக்கிறார்களா? வேறெதையும்விட இவை இரண்டும் முக்கியம். 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற ஓட்ட நிகழ்வு இன்று பல நாடுகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடப்பவர்களுக்கும் இடம் உண்டு. அங்கே கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். அதனால் வேறு யாரும் கடைசி ஆவதில்லை. அந்த மனப்பான்மை உள்ள குழுவைத் தேடுங்கள்.

65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சி வேண்டும். கீழே விழுவதைத் தவிர்க்க அதுவே காப்பு. நடனக் குழுவும், மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தைச்சி வகுப்பும் உங்களுக்குப் பொருந்தும். மூட்டுவலி இருந்தால் முதலில் இயன்முறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கே (வெயில்): கோடையில் ஓடலாமா?

ப: உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள். போட்டி போட்டுக்கொண்டு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும்.

கே (வயிறு): தொப்பை குறைய...

ப: மேலே பாருங்கள்.

கே (வெள்ளரி): வெள்ளரியின் காம்புப் பக்கம் மட்டும்தான் கசக்கிறது. வெட்டி எறிந்துவிட்டு மீதியை...

ப: கொட்டுங்கள்.

கே (தலைமுடி): முடி உதிர்வுக்கு...

ப: தோல் மருத்துவர்.

கே (முறைவைத்தவர்): அடுத்த வாரம் மன்றத்துக்குப் பயறு கொண்டுபோவது என் முறை. சிவப்பு ராஜ்மாவை மெதுவாக வேகும் மின்பாத்திரத்தில் இரவே போட்டுவிடலாமா?

ப: கூடாது. கேட்டது நல்லதாயிற்று. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற பொருள், நாலைந்து விதைகளிலேயே வாந்தியெடுக்க வைக்கக்கூடியது. அந்த மின்பாத்திரத்தின் சூடு அதை அழிக்கப் போதாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். அதன்பின் மெதுவாக வேகவையுங்கள், அல்லது பிரஷர் குக்கரில் போடுங்கள். அவித்ததைச் சாயங்காலம் வரை வெளியில் வைத்திருக்காமல், ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழம் கொண்டுவரும் நாளைவிடப் பயறு நாளில் எங்கள் மன்றத்தில் கூட்டம் அதிகம்.