சய்யாப் மதம் மாறினாரா?

இராக்கிய முஸ்லிம் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் ‘சிலுவைக்குப் பின் கிறிஸ்து’ கவிதையில் இயேசுவாகவே பேசுகிறாரே, மதம் மாறிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இயேசு சிலுவையில் சாகவில்லை என்பது இஸ்லாமிய மரபு என்பதால் உங்கள் குழப்பம் நியாயம்தான். இங்கே சிலுவை உவமையாக வருகிறது. செத்துப்போய் பசுமையோடு திரும்பும் பழைய மெசொப்பொத்தேமியத் தெய்வம் தம்மூஸ் இருக்கிறதே, அதன் இன்னொரு முகம்தான் இந்த இயேசு. 1950களில் அரபுக் கவிஞர்கள் பலருக்கும் இந்தத் தம்மூஸ் பித்து இருந்தது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டை அவர்கள் விழுந்து விழுந்து படித்த காலம். சிலுவையிலிருந்து இறக்கப்பட்டவரின் மனம் போவது ஜைக்கூருக்கு. தெற்கு இராக்கின் பஸ்ரா நகரத்துப் பக்கம், சய்யாப் பிறந்த கிராமம் அது! அந்தப் பெயர் வரும் வரிகளை மறுபடி படியுங்கள். அப்புறம் சய்யாபின் இன்னொரு கவிதையான ‘மழைப் பாட்டு’க்குப் போகலாம்.