தீர்ந்த கடனில் தீராத 590 ரூபாய்

கேள்வி: 2019-ல் தவணைக் கடனில் ஃபிரிட்ஜ் வாங்கினேன். அடுத்த ஆண்டே முழுக்கக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கடிதமும் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால், "சிபில் சரியில்லை" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனமான சிபிலின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஃபிரிட்ஜ் கடனில் 590 ரூபாய் பாக்கி, 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று கணக்கில் தள்ளியது) என்று இருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனியில் கேட்டால், "ஏதாவது கட்டி செட்டில் பண்ணிக்கோங்க சார்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். 'செட்டில்டு' என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், கடனை முழுதாகக் கட்டாமல் பேசிக் குறைத்தவர் என்றுதான் அடுத்த வங்கி உங்களை எடைபோடும். உங்களுக்கு வேண்டியது 'க்ளோஸ்டு', அதாவது முழுதாகக் கட்டி முடிந்த கடன் என்ற பதிவு.

590 என்ற தொகையைப் பாருங்கள். 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 590. ஏதோ ஒரு மாதம் தவணை பவுன்ஸ் ஆனதற்குப் போட்ட கட்டணமாக இருக்கலாம். பழைய பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். பவுன்ஸ் ஆகியிருந்தாலும், பாக்கி எதுவும் இல்லை என்று அவர்களே என்.ஓ.சி. எழுதிக் கொடுத்த பிறகு, கடன் நிலுவை என்று காட்டுவது தவறு. அந்தக் காகிதம்தான் உங்கள் பலம், பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக் கடனை மறுத்த வங்கியிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பார்த்த அறிக்கையின் நகலைக் கேட்கவும் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 21 உங்களுக்கு உரிமை தருகிறது. தவறான பதிவைத் திருத்தச் சொல்லும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சிபிலுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும், இருவருக்குமே, என்.ஓ.சி. நகலோடு புகார் அனுப்புங்கள். சிபில் தானாக எதையும் மாற்றாது, கம்பெனியிடம் கேட்டுத்தான் மாற்றும். அதனால் போனில் பேசி முடிக்காதீர்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

முப்பது நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி 21 நாளுக்குள் சிபிலுக்குத் திருத்தம் அனுப்பவில்லை என்றால் அந்தப் பணம் கம்பெனியின் பொறுப்பு, அனுப்பியும் சிபில் தாமதித்தால் சிபிலின் பொறுப்பு. பலர் இதைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். நீங்கள் கேளுங்கள்.

அப்புறமும் அசையவில்லையா? ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவைத் திருத்த வைக்கலாம், ஆனால் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்காக இதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மோசமான கடன் வரலாற்றைக் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி வேலை நியமனத்தையே ரத்து செய்ததை, 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது.

பதிவு திருந்தியதும் சிபிலோடு நிறுத்தாமல், அதேபோன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் அறிக்கைகளையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நாலிலும் 'க்ளோஸ்டு' என்று வந்த பிறகு, புதிய அறிக்கையோடு வங்கி மேலாளரைப் போய்ப் பாருங்கள்.