கல்லை, காலை, ரன்னிங்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு. தமிழ் நன்றாக எழுதுவாள். ஆங்கில ஸ்பெல்லிங்தான் தகராறு. ரன்னிங்கில் ஒரு 'என்' போடுகிறாள், டைனிங்கில் இரண்டு போடுகிறாள். "இங்கிலீஷில் விதியெல்லாம் கிடையாது, தினம் பத்துச் சொல் மனப்பாடம் பண்ணு" என்கிறார் டியூஷன் ஆசிரியர். அவ்வளவுதானா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

விதி இருக்கிறது. உங்கள் மகள் தடுக்கி விழும் இடத்தில் இருப்பது அவளுக்கு ஏற்கெனவே பழக்கமான விதியும்கூட.

கல்லோடு 'ஐ' சேர்ந்தால் கல்லை. காலோடு சேர்ந்தால் காலை. இதில் அவள் தப்பு செய்யமாட்டாள். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்கிறது நன்னூல். நெடிலுக்கு அந்த வேலை இல்லை.

இப்போது ரன். நடுவில் குறில், பின்னால் ஒரே ஒரு 'என்', வந்து சேரும் 'இங்' உயிரில் தொடங்குகிறது. ஆகவே இரட்டும். டைன் அப்படியல்ல. கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் 'இ', முன்னால் உள்ள உயிரை நெடிலாக்கிவிடுகிறது. 'இங்' வந்ததும் அந்த 'இ' விழும், 'என்' ஒற்றையாகவே நிற்கும். டின்னரில் குறில், அதனால் இரண்டு 'என்'.

நான் எட்டாவது படித்தபோது லீவ் லெட்டரில், 'அனுமதி கிடைக்கும் என்று நம்புகிறேன்' என்பதற்கு ஹோப்பிங் என எழுதி, இரண்டு 'பி' போட்டுவிட்டேன். அது ஹாப்பிங், நொண்டியடிப்பது. ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்தார். லீவு கிடைத்தது, கூடவே ஒரு பட்டப்பெயரும். (தமிழில் ஹோப்பிங் என்று 'ப்' போட்டு எழுதுகிறோமே, அதை நம்பி ஆங்கிலத்தில் இரட்டிக்க வேண்டாம்.)

சொல் நீண்டால் கொஞ்சம் சிக்கல். பிகின் என்பதில் அழுத்தம் கடைசியில் விழுவதால் இரட்டும். ஓப்பனில் முதலில் விழுவதால் இரட்டாது. தமிழ்க் காதுக்கு இந்த அழுத்தம் பழக்கமில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வரும். டிராவலிங்கில் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு 'எல்' போடுவார்கள், அமெரிக்கர்களுக்கு ஒன்று போதும்.

உங்கள் டியூஷன் ஆசிரியர் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. கத்தியைக் குறிக்கும் நைஃப் சொல்லில் 'கே' எதற்கு? 1476 வாக்கில் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது அந்தக் 'கே' வாயிலும் இருந்தது. அப்புறம் நாக்கு அதை விட்டுவிட்டது, அச்சு விடவில்லை. ஐலண்டில் உள்ள 'எஸ்' இன்னும் மோசம், அது ஒருகாலத்திலும் ஒலித்ததில்லை. ஐல் என்ற வேறொரு சொல்லைப் பார்த்து இதிலும் செருகிவிட்டார்கள். இவற்றை நெட்டுரு போடத்தான் வேண்டும்.

ஆனால் தினப்படி பத்தில் ஐந்தையாவது இந்த இரட்டல் விதிக்கு ஒதுக்குங்கள். ஸ்டாப், ஸ்விம், ரைட், டேக் என்று கொடுத்து 'இங்' சேர்க்கச் சொல்லுங்கள். ஃபிக்ஸிங்கில் மட்டும் ஒரே 'எக்ஸ்'. அந்த ஓர் எழுத்துக்குள்ளேயே 'க்', 'ஸ்' என இரண்டு மெய் இருக்கிறது.