கூட்டமில்லாத கரை எங்கே? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் நான்கு நாள் கடலோரத்தில் கழிக்க விரும்புகிறோம். சென்ற ஆண்டு மாமல்லபுரம் போய், கடலைப் பார்த்ததைவிட மனிதத் தலைகளைப் பார்த்ததே அதிகம். அதிகம் பேர் போகாத கரைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: இடத்தை மாற்றுவதற்கு முன்னால் நாளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். காணும் பொங்கலன்று கூட்டமில்லாத கடற்கரை ஒன்று தமிழ்நாட்டில் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் ஏறாத ஜனவரிப் பிற்பகுதியில், சனி ஞாயிறு தவிர்த்துப் புறப்பட முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பள்ளி விடுமுறை அதற்கு இடம் தராவிட்டால், காணும் பொங்கல் ஒருநாள் மட்டுமாவது மாலைப் பொழுதில் கடல் பக்கம் போகாமல் இருந்துவிடுங்கள்.

இனி இடம். புகழ்பெற்ற ஊர்களை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. கூட்டம் பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடத்தையும் சுண்டல் கடைகளையும் ஒட்டியே நிற்கும். அங்கிருந்து கால் மணி நேரம் மணலில் நடப்பவரை அது பின்தொடர்வதில்லை. திருச்சியிலிருந்து வருகிற உங்களுக்கு நான் தரங்கம்பாடியைச் சொல்வேன். மயிலாடுதுறை வரை ரயில், அதன்பின் பேருந்து. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கோட்டையின் முன்னால்தான் எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். கோட்டையிலிருந்து நடந்துபோகும் தொலைவில், அலையோரத்தில், மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306-ஆம் ஆண்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். நான் சென்ற காலையில், அந்தக் கற்களில் ஒட்டியிருந்த சிப்பிகளை ஒரு சிறுவன் துருப்பிடித்த ஆணியால் நெம்பி எடுத்து, கொட்டாங்கச்சியில் சேர்த்துக்கொண்டிருந்தான். அந்த அரைமணி நேரத்தில் அவனையும் என்னையும் தவிர அங்கே யாரும் இல்லை.

அந்த ஊரை மையமாக வைத்துக்கொண்டு வடக்கே சின்னங்குடி, வானகிரி என்றும், தெற்கே சந்திரபாடி என்றும் மீனவ ஊர்களை ஒட்டிய கரைகளைப் பார்க்கலாம். எந்தப் பக்கம் மணல் அகலமாக இருக்கிறது என்பதை அறிய, செல்பேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நமது கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வதால், துறைமுகச் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டிருந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கப்படும். துறைமுகம் வந்தபின் புதுச்சேரி நகரம் தன் மணற்பரப்பை இழந்து கற்குவியலோடு நின்றது இதனால்தான். எனவே துறைமுகத்துக்குத் தெற்கே தேடுங்கள். கடைசியாக ஒன்று: ஆளில்லாத கரையில் கழிப்பறையும் இராது. மாமியாரை அழைத்துச் செல்வதால் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ நல்ல அறை எடுத்து, காலையும் மாலையும் கரைக்குப் போய்வருவதே சரி.

கேள்வி: அப்படிப்பட்ட ஒதுக்குப்புறக் கரைகளில் குழந்தைகளைக் குளிக்க விடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒரு கரையில் ஆளில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்றே முதலில் எண்ணுங்கள். சாலை வசதி இல்லாததும் காரணமாக இருக்கலாம், இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனதும் காரணமாக இருக்கலாம். ஊருக்குள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, 'இங்கே உங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் குளிப்பார்கள்?' என்று கேளுங்கள். 'இங்கே குளிக்கலாமா?' என்று கேட்டால், விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டிவிடுவார்கள்.

கேட்க ஆளில்லாத இடத்தில் பத்து நிமிடம் உயரமான மணலில் நின்று அலையைப் பாருங்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நீர் கருத்து, நுரையும் குப்பையும் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், அங்கேதான் இழுப்பு இருக்கிறது. அனுபவமில்லாதவர் கண்ணுக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும் என்பதுதான் கொடுமை. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியேறிய பின்பே கரைக்குத் திரும்ப வேண்டும். ஆற்று முகத்துவாரங்களும், மண்ணரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரங்களும் குளிப்பதற்கு உரியவை அல்ல. நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு முழங்கால் அளவு நீரே எல்லை, அதுவும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில்.

பிள்ளைகளின் குளியலே முக்கியம் என்றால் இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள அரியமான் கரையைப் பாருங்கள். பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. இராமேஸ்வரம் வட்டாரத்தில் அதைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலும் சீறும் என்பதால், மழைக்காலம் நன்றாக ஓய்ந்த பிறகு போவதே உத்தமம்.

கேள்வி: 'யாருக்கும் தெரியாத ரகசியக் கடற்கரை' என்று யூடியூபில் வரும் காணொளிகளை நம்பிப் போகலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அந்தக் காணொளியை எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கீழேயே எழுதியிருக்கும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: திருச்செந்தூருக்கு அடிக்கடி போகிறோம். தரிசனம் முடிந்தபின் அருகில் அமைதியாக ஒரு மாலை உட்காரக் கரை உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தெற்கே குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி மணப்பாடு வரை போங்கள். கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு மேடு, அதன் உச்சியில் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவைக் கோயில், கீழே 1542-இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகக் கருதப்படும் குகை, ஒருபுறம் ஆற்றின் கழிமுகம் என்று ஒரே பார்வையில் அத்தனையும் அடங்கும். மேட்டின் இரு பக்கத்திலும் கடலின் குணம் வேறு வேறாக இருப்பதை அரைமணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே காண்பீர்கள். செப்டம்பர் 14-ஐ ஒட்டிய திருச்சிலுவைத் திருவிழாவின்போதும், குலசேகரன்பட்டினத்துத் தசராவின்போதும் போகாதீர்கள். அமைதி தேடியவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நேரமிருந்தால், திரும்பும் வழியில் தேரிக்காட்டின் செம்மணலையும் பார்த்துவிடுங்கள். காலையில் வெள்ளை மணலைப் பார்த்த பிள்ளைகள் மாலையில் குங்கும நிறத்து மணலைக் கண்டால் நம்பமாட்டார்கள்.

கேள்வி: நான் ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். 'ஆளில்லாத கடற்கரை' என்று எழுதுகிறீர்கள்; அங்கே நாங்கள் இருக்கிறோமே! வருகிறவர்கள் பாட்டில்களை மணலில் புதைத்துவிட்டு, மீன் அரியும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கிறார்கள். இதைப் பற்றியும் எழுதுவீர்களா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, மேலே நானே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். சுற்றுலாப் பயணிக்கு ஆளில்லாததாகத் தோன்றும் கரை, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் ஏலம் விடவும் உரிய வேலையிடம். உலர்த்தியிருந்த வலையின் மேல் நான் ஒருமுறை செருப்போடு நடந்துவிட்டேன். அங்கிருந்த பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. 'தம்பி, அடுப்பு மேல நடப்பீங்களா?' என்று மட்டும் கேட்டார். அன்று முதல் குப்பத்து மணலில் இறங்கும்போது செருப்பு என் கையில்தான்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சில சொற்கள். கரைவலை இழுப்பவர்களைப் பார்க்கலாம், கயிற்றின் குறுக்கே நிற்கக்கூடாது. படமெடுக்குமுன் கேளுங்கள், மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். குப்பைத் தொட்டி இல்லாத ஊருக்குப் போகும்போது ஒரு சாக்குப்பையும் உடன் வரட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் மணலில் நெருப்பு மூட்டுவதும், கார் விளக்கைக் கடலை நோக்கி எரியவிடுவதும் வேண்டாம். ஆமை கண்ணில் பட்டால் செல்பேசி விளக்கையும் அணைத்துவிட்டு, அது கடலுக்குத் திரும்பும்வரை தள்ளி நில்லுங்கள்.