ஹொரைசன் 202: கருப்பு வெள்ளை பனோரமா, கேள்வி பதில்

ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த சுழல் லென்ஸ் கேமரா இது. 28 மி.மீ. லென்ஸ், அதைத் தாங்கும் உருளையான டிரம்மோடு சேர்ந்து சுழலும். சாதாரண 35 மி.மீ. பிலிமில் 120 டிகிரி காட்சி 24×58 மி.மீ. படமாக விழும்.

கே: கடற்கரையில் எடுத்தால் அடிவானம் கிண்ணம் மாதிரி குழிந்து வருகிறது. லென்ஸ் கோளாறா சார்?

லென்ஸில் கோளாறு இல்லை, கேமரா மேலே பார்த்திருக்கிறது. மேலே தூக்கினால் நடுவில் குழியும். கீழே சாய்த்தால் நடுவில் மேடு தட்டும். வியூஃபைண்டரிலேயே ரசமட்டம் தெரியும். குமிழி நடுவில் நிற்கும்போது மட்டும் அமுக்குங்கள். அப்படி எடுத்தால் அடிவானம் படத்தின் நட்டநடுவில்தான் விழும். வானம் அதிகம் என்றால் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேமராவைச் சாய்த்து வானத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். எதிரே நேராக ஓடும் மதில் மட்டும் என்ன செய்தாலும் நடுவில் புடைத்துத்தான் நிற்கும்.

கே: வானத்தில் செங்குத்தாக வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள். டெவலப்பிங் தவறா?

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். பட்டை படத்தின் விளிம்போடு நின்றுவிட்டால் டிரம் சீராகச் சுழலவில்லை. துளைகள் இருக்கும் ஓரம் வரை ஓடினால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. ஒவ்வொரு துளையிலிருந்தும் உள்ளே கோடு கிளம்பினால் பிலிம் கழுவும் டேங்க்கை வேகமாக ஆட்டியிருக்கிறீர்கள்.

டிரம் திக்குவதற்குப் பெரும்பாலும் இறுகிப்போன பழைய கிரீஸ்தான் காரணம். பிலிம் போடுமுன் பத்து இருபது முறை வெறுமனே இயக்குங்கள். 1/2, 1/4, 1/8 வேகங்களைத் தவிர்த்து 1/125, 1/250-ல் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சர்வீஸ்தான் வழி.

கே: ஓடும் பஸ் நீண்டு போயிருக்கிறதே?

லென்ஸ் திரும்பும் திசையிலேயே அதுவும் ஓடியிருக்கும். எதிர்த்திசையில் வந்தால் குறுகும்.

கே: லேபில் படத்தின் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள் அண்ணா!

அவர்கள் 36 மி.மீ. படக் கணக்கில் வெட்டுவார்கள். 'வெட்ட வேண்டாம், ரோலாகவே கொடுங்கள்' என்று கவர் மேல் எழுதிக் கொடுங்கள். 36 படச் சுருளில் 22 படம் வரும். மூன்று மூன்றாக நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

கே: எப்சன் வி850-ல் ஸ்கேன் செய்கிறேன். படம் துண்டாகிறது, டிஜிட்டல் ஐஸ் போட்டால் அசிங்கமாகிறது.

படங்களைத் தானாகப் பிரிக்கும் தம்ப்நெயிலை அணைத்துவிட்டு, முழுப் பட்டையையும் பிரிவியூ பார்த்து, செவ்வகத்தைக் கையால் வரையுங்கள். ஐஸ் அகச்சிவப்புக் கதிரால் தூசியைத் தேடும். கருப்பு வெள்ளை பிலிமில் படமாக நிற்கும் வெள்ளித் துகள் அந்தக் கதிரை மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும். எச்பி5, எஃப்பி4 போன்ற வழக்கமான கருப்பு வெள்ளை பிலிம் எதற்கும் போடாதீர்கள். கலர் பிலிம் முறையான சி-41-ல் கழுவும் எக்ஸ்பி2 கருப்பு வெள்ளை பிலிமுக்கு மட்டும் போடலாம்.

16 பிட் கிரே, 2400 டிபிஐ போதும். ஏறக்குறைய 5480×2270 பிக்சல் கிடைக்கும். 300 டிபிஐ அச்சில் 18 அங்குல நீளம். 6400 போட்டால் கோப்புதான் பெருக்கும், விவரம் கூடாது.

கே: ஸ்கேனருக்குப் பதில் நெகட்டிவை டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாமா?

தாராளமாக. ஃபுல் ஃபிரேமில் (36×24 மி.மீ. சென்சார்) 1:1, அதாவது அசல் அளவிலேயே வைத்தால் உயரம் 24 மி.மீ.யும் அடைபட்டு ஓரமே மிஞ்சாது. 0.9-க்கு இறங்குங்கள். ஒரு ஷாட்டில் 40 மி.மீ. அகலம் வரும், இரண்டு ஷாட்டிலேயே 22 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று படியும். எஃப்/8, மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோகஸ். கேமரா அசையக் கூடாது, நெகட்டிவை மட்டும் நகர்த்துங்கள். ஃபோட்டோஷாப்பில் ஒட்டும்போது 'ரீபொசிஷன்' தேர்ந்தெடுங்கள்; 'ஆட்டோ' சில நேரம் படத்தை வளைத்துவிடும். ஒட்டிய இடத்தில் வானம் கறுத்தால், நெகட்டிவுக்குப் பின்னால் எரியும் லைட் பேனலின் வெளிச்சம் சீராக இல்லை. நெகட்டிவ் இல்லாமல் பேனலை மட்டும் ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள்.