கரண்ட், தண்ணி சேர்த்த வாடகை: இப்போது பில்லை நீட்டுகிறார் வீட்டுக்காரர்

கேள்வி: என் சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. வவுனியாவில் கடையொன்றில் வேலை செய்கிறேன். குருமன்காட்டில் இரண்டு அறை அனெக்ஸ் ஒன்றை, கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ரூபாய் என்று பேசி எடுத்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. பதினொரு மாதம் கழித்து, "கரண்ட் பில் கூடிப்போச்சு, உங்கட பங்கு 6,500" என்கிறார் வீட்டுக்காரர். தராவிட்டால் மெயின் சுவிட்சை நிறுத்துவாராம். கட்டத்தான் வேண்டுமா? வேறு வீடு பார்ப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கடந்த மாதங்களுக்கான அந்த 6,500 ரூபாயை நீங்கள் கட்டத் தேவையில்லை. வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான். பதினொரு மாதமும் 18,000 மட்டும் வாங்கியிருக்கிறார் என்பதே உங்களுக்குப் பெரிய சாட்சி. வங்கியில் போட்ட பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "வாடகை கிடைச்சுது" போன்ற செய்திகள் எல்லாவற்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள்.

ஆனால் இனி வரும் மாதங்களுக்கு உங்கள் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாததால் நீங்கள் மாத வாடகைக்காரர். ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் கொடுத்து வாடகையை முடிக்கவோ, புதிய தொகை கேட்கவோ அவர் முயலலாம். வாடகைச் சட்டம், அதாவது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் அனெக்ஸுக்குப் பொருந்துமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிப் பாருங்கள். பொருந்தினால் உங்களை எழுப்புவது அவருக்கு இன்னும் கடினம்.

மெயின் சுவிட்ச் விஷயத்தில் பயப்படாதீர்கள். வீட்டை நிம்மதியாகப் பாவிக்க விடுவது வாடகைக்குக் கொடுத்தவரின் கடமை. கரண்டை நிறுத்தினால் மாவட்ட நீதிமன்றத்தில் தடைக் கட்டளை கேட்கலாம். பூட்டை மாற்றி வெளியே தள்ளினால் உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போய், வெளியேற்றம் அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருந்தால், உங்களை மீண்டும் உள்ளே விடச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் நாட்களைக் கடத்த வேண்டாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

சரி, வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர்தானா என்று போய்ப் பாருங்கள். எத்தனை குடும்பம் அதில்? வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் குறைந்த பாவனைக்காரரின் மலிவு விலை போய்விடும். மூன்று குடும்பம் தனித்தனி மீட்டரில் ஆளுக்கு 50 அலகு எரித்தால் எல்லோருக்கும் மலிவு. அதே 150 அலகும் ஒரே மீட்டரில் விழுந்தால் மேல்படி விலைதான், நிலையான கட்டணமும் கூடும். உங்கள் அறையில் ஒரு மின்விசிறியும் இரண்டு பல்புமே எரிந்தாலும், அடுத்த அறையின் ஏசி உங்கள் தலையிலும் விழும். "பங்கு" கேட்பவரிடம் மூலப் பில்லைக் காட்டச் சொல்வது நியாயம்.

ஆகவே அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, மீட்டர் யாருடையது என்பது. எங்களுக்கெனத் தனி மீட்டரோ துணை மீட்டரோ இருக்கிறதா, எத்தனை அலகு வரை வாடகைக்குள் அடங்கும், மேலே போனால் அலகுக்கு எவ்வளவு, தண்ணி குழாயா கிணற்று மோட்டரா, மோட்டர் ஓடும் கரண்ட் எந்த மீட்டரில் என்று கேளுங்கள். வேப்பங்குளத்திலோ பண்டாரிகுளத்திலோ 16,000க்கு ஒரு வீடு கிடைத்து, பில் தனியாக 5,000 வந்தால், 18,000க்கு எல்லாம் சேர்த்த வீடே மலிவு.

பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அது ஒரு வருடக் குத்தகையாகாது, ஆனால் என்ன பேசினோம் என்பதற்குச் சாட்சி. குடிபுகும் நாள் மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் சாவியை வாங்காதீர்கள்.