சுரங்கத்துக்குள் போன பிறகும் பின்னணியை ஏன் அளக்க வேண்டும்?

"மலைக்கு அடியில் ஆய்வகம் வைத்த பிறகு, பின்னணிக் கதிர்வீச்சை மாதக்கணக்கில் அளப்பது வீண்வேலை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் துகள் முடுக்கியை இயக்கும்போது, துகள் கற்றை இல்லாமல் சுற்றுப்புறத்திலிருந்து வரும் கதிர்களை மட்டும் எண்ணும் வெறும் அளவீட்டில் உங்களை உட்காரவைத்திருப்பார்கள். நானும் ஐரோப்பாவில் ஒரு நிலத்தடி ஆய்வகத்தில் பதினான்கு மாதங்கள் அதே வேலையில் இருந்தவள்தான்.

மலை தடுப்பது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை. இத்தாலியின் கிரான் சாசோவில் தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை; அந்தக் கதிரால் உண்டாகித் தரைமட்டத்தை எட்டும் மியூவான் துகள்களில் பத்து லட்சத்தில் ஒன்றுதான் உள்ளே வருகிறது. ஆனால் அந்தப் பாறையிலேயே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கின்றனவே! 2.6 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்குக் கீழே அவற்றின் காமாக் கதிர்கள்தாம் உணர்கருவி காட்டும் ஆற்றல் நிறமாலையை நிரப்புகின்றன. செம்பும் ஈயமும் அடுக்கித்தான் அவற்றை அடக்க வேண்டும். ஆழம் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரைமட்டத்தில் மியூவான் பட்டால் ஈயமே புதிய கதிர்களை உமிழும். கனத்த கவசத்தின் முழுப் பலனும் ஆழத்தில்தான் கிடைக்கிறது.

விண்மீன்களில் நிகழும் அணுக்கரு வினைகளைக் கிரான் சாசோவில் அளக்கும் லூனா குழுவின், 1999இல் வெளியான ஹீலியம்-3 வினை அளவீட்டில், மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிகழ்வுகளே கிடைத்தன. பின்னணி எவ்வளவு என்று தெரியாமல் அந்த இரண்டை நம்புவது எப்படி?

எங்கள் கவசத்துக்குள் பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் புகாதிருக்க, திரவ நைட்ரஜனிலிருந்து ஆவியாகும் வாயுவை ஓயாமல் செலுத்துவோம். ஒரு வாரம் நிறமாலையில் 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சம் ஏறத் தொடங்கியது. "மின்னணுச் சாதனத்தில் பழுது, இந்த வாரத் தரவை ஒதுக்கிவிடு" என்றார் மூத்தவர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தரவை இரண்டு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தேன். 352 உச்சமும் கூடவே ஏறியிருந்தது; இரண்டும் ரேடானின் சிதைவிலிருந்து வருபவை. பொட்டாசியத்தின் 1461 அசையவே இல்லை. சாதனப் பழுது என்றால் மூன்றும் மாறியிருக்க வேண்டும். ஈயக் கற்களுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். நைட்ரஜன் குழாயின் இணைப்பு கழன்று கிடந்தது. மாட்டிய சில மணி நேரத்தில் 609 பழைய நிலைக்கு இறங்கியது.

அந்த வரைபடம் பிறகு குழுக் கூட்டத்தில் காட்டப்பட்டது. அதில் என் பெயர் இல்லை. பின்னணி அளவீட்டை எடுபிடி வேலையாக நினைக்கும் பழக்கம் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. பொங்கலன்றுகூட இரவுப் பணியில் உட்கார்ந்து எடுத்த தரவு அது.

நைட்ரஜன் ஓட்டத்தை நேரத்தோடு குறித்து வையுங்கள். 609ஐயும் 1461ஐயும் தினமும் தனித்தனியே வரைந்து பாருங்கள். தேதியிட்டு உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள்.